ஐந்து நாள் லீவும் நாலரை கிலோமீட்டர் கட்டடமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில், 1976ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "சார், இருபது நிமிஷம் பேசணும். டெக்னிக்கலா இருந்தாலும் சரி, பொதுவா இருந்தாலும் சரி" என்றார். இரண்டும் கலந்து ஒரு விஷயம் இருக்கிறது என்றேன். நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் ஐந்து ராத்திரி தூங்கியவன் என்ற தகுதி எனக்கு உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்குள்ள பொறுப்பையும் மறக்க மாட்டேன்.

என் மகள் குடும்பத்தோடு பெர்லினில் இருக்கிறாள். 2023 அக்டோபரில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். அக்டோபர் கடைசியில் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. "அப்பா, அஞ்சு நாள் கடற்கரைக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். குளிரில் யாராவது கடற்கரைக்குப் போவார்களா என்று என் மனைவி கேட்டாள். "இப்பதான்மா கூட்டம் இருக்காது, வாடகையும் கம்மி" என்று பதில் வந்தது. 23ஆம் தேதி, திங்கட்கிழமை, ரயில் ஏறினோம். சுமார் மூணு மணி நேரம் வடக்கே போனால் ஸ்ட்ரால்சுண்ட். அங்கே பாலம் தாண்டினால் ரூகென் தீவு, ஜெர்மனியின் மிகப்பெரிய தீவு. அதன் கிழக்குக் கரையில் பின்ஸ் என்ற பழைய கடலோர ஊர். அதற்குச் சற்று வடக்கே ப்ரோரா. எங்கள் வீடு ப்ரோராவில்.

வீடு என்று சொல்கிறேன். ஜெர்மானியர்களில் நிறையப் பேர் லீவுக்குப் போனால் ஹோட்டலில் தங்குவதில்லை. 'ஃபேரியன்வோனுங்', அதாவது விடுமுறை வீடு, எடுத்துத் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சாவி வாசலில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். நம்பரைத் திருப்பினால் திறக்கும். வீட்டுக்காரரை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. மேசைமேல் ஒரு ஃபைல் வைத்திருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், சமையல் கழிவு, மற்றவை என்று நாலாகப் பிரிக்க வேண்டும். கடலோர ஊர் என்பதால் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஊராட்சிக்கு ஒரு வரி கட்ட வேண்டும். நாங்கள் கிளம்பிய பிறகு செய்யும் சுத்தத்துக்குத் தனிக் கட்டணம். மகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, என் மனைவி, "உங்க ஹாஸ்டல் ரூல்ஸைக் கதைகதையாச் சொல்வீங்களே, அது தேவலை போலிருக்கே" என்றாள்.

அந்தப் பருவத்தில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வருகிறது. மாலை ஆறுக்குள் இருட்டிவிடுகிறது. ஆனால் கிழக்குக் கரை என்பதால் நம் ஊர் மாதிரியே சூரியன் கடலிலிருந்து எழுந்து வருகிறது. பால்டிக் கடலில் ஓதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உப்பும் பெருங்கடலில் இருப்பதில் கால் பங்குதான். என் மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புப் போட மறந்த கஞ்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நாங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 20, 21 தேதிகளில், கிழக்குக் காற்றோடு பால்டிக் கரையில் பெரிய புயல் வெள்ளம் வந்திருந்தது. பக்கத்தில் சாஸ்நிட்ஸ் துறைமுகத்தில் சேதம். கரை முழுக்கக் கடற்பாசியும் மரத்துண்டுகளும். அதற்கு நடுவே ரெயின்கோட் போட்ட பெரியவர்கள் குனிந்து குனிந்து எதையோ தேடினார்கள். அம்பர் தேடுகிறார்களாம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மரப் பிசின், புயலுக்குப் பிறகு கரை ஒதுங்கும். பேரனும் தேட ஓடினான். அப்போது மகள் ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்து, "எது கிடைச்சாலும் பாக்கெட்ல போடாதே, இதுல போடு" என்றாள். ஏன் என்று கேட்டேன். போர்க்காலத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய வெள்ளைப் பாஸ்பரஸ் இந்தக் கடலடியில் கிடக்கிறது. பார்க்க அம்பர் மாதிரியே இருக்கும். ஈரம் காய்ந்து உடம்புச் சூடு பட்டால் பாக்கெட்டிலேயே தீப்பிடிக்கும். பக்கத்து உசேடோம் தீவில் இப்படிப் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். போர் முடிந்தது 1945இல். நாங்கள் டப்பாவோடு நடந்தது 2023இல்.

கரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு பைன் தோப்பு. தலைக்கு மேலே தெற்கே போகும் பெரிய கொக்குக் கூட்டங்களின் சத்தம். நம் சாரசக் கொக்கின் உறவு இவை. இலையுதிர் காலத்தில் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கில் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போகின்றன. சாயங்காலம் வீடு திரும்பினால் ரசம் வாசனை. மிளகுப் பொடி சென்னையிலிருந்து, தக்காளி டின்னிலிருந்து. ஜன்னல் முழுக்கக் கடல். சொகுசுதான், மறுக்கவில்லை.

இனி அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் மாலை, வெளியே போய் ஒரு முனையிலிருந்து பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் சைட்டில் நின்ற கண், முதலில் நீளத்தைத்தான் அளக்கும். ஆறு மாடி. ஒரு பிளாக் சுமார் 500 மீட்டர். அதற்குப் பிறகு அதே மாதிரி இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. வளைகுடாவின் வளைவை அப்படியே பின்பற்றி எல்லாம் வளைந்து போகின்றன. முதலில் கட்டியது எட்டு பிளாக், மொத்தம் நாலரை கிலோமீட்டர். எல்லா அறையும் கடலைப் பார்த்து. காரிடார் எல்லாம் நிலப் பக்கம். படிக்கட்டும் குளியலறைகளும் பின்பக்கம் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அறை ஒன்று 5 மீட்டருக்கு 2.5 மீட்டர், இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு வாஷ்பேசின். ஒரே அளவு, ஒரே ஜன்னல், பத்தாயிரம் அறை, 20,000 பேர். தம்பிகளே, பிளான் என்ற அளவில் இது ஒழுங்கான வேலை. கடலைப் பார்க்காத அறை ஒன்றுகூட இல்லை என்பது எந்த டிசைனருக்கும் பெருமைதான்.

யார் கட்டியது? ஹிட்லர் அரசு. 'கிராஃப்ட் டுர்ஷ் ஃப்ராய்டே', மகிழ்ச்சியின் மூலம் வலிமை, என்று ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள். தொழிலாளிகளை லீவுக்கு அழைத்துப் போவது அதன் வேலை. ஒரு சாதாரணத் தொழிலாளி குடும்பத்தோடு ஒரு வாரம் கடற்கரையில் தங்க வேண்டும், ஆளுக்கு வாரம் 20 மார்க்குக்குள் முடிய வேண்டும் என்று திட்டம். க்ளெமென்ஸ் க்ளோட்ஸ் என்பவர் வரைந்தார். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த மாடலுக்குப் பெரிய பரிசு கிடைத்தது.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கே ப்ரோராவின் வரலாறு பற்றி ஒரு கண்காட்சி இருக்கிறது. மழை பெய்த ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். மகள் மொழிபெயர்க்க, நான் தேதிகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். அந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

1933 மே 1. நாஜி அரசு மே தினத்தைச் சம்பளத்தோடு கூடிய தேசிய விடுமுறை ஆக்கியது. தொழிற்சங்கங்கள் பல வருஷமாகக் கேட்டதை அரசே கொடுத்தது. ஊர்வலம், கொடி, பேச்சு, எல்லாம் உண்டு.

1933 மே 2. மறுநாள். நாடு முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களைச் சீருடைப் படைகள் கைப்பற்றின. தலைவர்கள் கைது. சங்கங்களின் பணமும் சொத்தும் பறிமுதல். அதற்குப் பிறகு ஜெர்மனியில் வேலைநிறுத்தம் கிடையாது, கூலிப் பேரம் கிடையாது. சங்கங்களின் இடத்தில் அரசுக் கட்சியே நடத்திய ஒரு 'தொழிலாளர் முன்னணி'. அந்த முன்னணியின் கிளைதான் லீவு நடத்தும் மேற்படி அமைப்பு. யூதர்களுக்கு அந்த முன்னணியில் இடமில்லை.

1936 மே 2. ப்ரோராவில் அடிக்கல் நாட்டினார்கள். அதே தேதி, மூன்றாம் வருஷம்.

அதாவது, தொழிலாளியின் சங்கப் பணத்தை எடுத்துக்கொண்டு, அவனுக்கே ஒரு கடல் பார்த்த அறை கட்டிக்கொடுக்கும் ஏற்பாடு. அவன் வாங்கிக்கொள்ளலாம். இது வேண்டாம், வேறு கொடு என்று கேட்க வாய் கிடையாது.

கார் கதையும் இதே அமைப்பின் கதைதான். மெக்கானிக்கல் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். இன்றைக்கும் எல்லோருக்கும் பிடிக்கும் அந்த வண்டு வடிவ ஃபோக்ஸ்வாகன், அந்தக் காலத்தில் இந்த அமைப்பின் பெயரைத்தான் சுமந்தது. விலை 990 மார்க். வாரம் 5 மார்க் ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். ஏறக்குறைய 3,36,000 பேர் ஒட்டினார்கள். போர் முடியும்வரை அவர்களில் ஒருவர் கையிலும் கார் வரவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது.

ப்ரோராவுக்கும் அதே கதி. 1939இல் போர் தொடங்கியது. வேலை நின்றது. திட்டமிட்ட 20,000 விருந்தாளிகளில் ஒருவர்கூட அங்கே லீவுக்கு வரவில்லை. போர்க்காலத்தில் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்களை வைத்துக் கொஞ்சம் வேலை நடந்தது. குண்டுவீச்சில் வீடிழந்த ஹாம்பர்க் மக்கள் வந்து ஒண்டினார்கள். பிறகு கிழக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள். போருக்குப் பின் சோவியத் ராணுவம். அதன் பின் கிழக்கு ஜெர்மனி ராணுவம். பொதுமக்கள் அந்தக் கரைக்கு வரவே முடியாது. 1980களில், துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்களை இங்கே தங்கவைத்து, பக்கத்தில் முக்ரான் துறைமுகம் கட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். ஜெர்மனி 1990இல் ஒன்றானபின் கட்டடம் காலியானது. 2004 முதல் பிளாக் பிளாக்காக விற்றார்கள். 2011இல் ஒரு பகுதியில் இளைஞர் விடுதி வந்தது. மற்றவற்றில் வெள்ளைப் பூச்சு, கண்ணாடி பால்கனி, லிஃப்ட் எல்லாம் வைத்து, பழைய அறைகளைச் சேர்த்துச் சேர்த்து அபார்ட்மென்ட் ஆக்கினார்கள். அதில் ஒன்றில்தான் எங்கள் ரசம் கொதித்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் வாக்குவாதம். மகள், "இது யார் கட்டினதுன்னு தெரியும்பா. ஆனா மழை நாள்ல உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சப்புறம் ஒரு மாதிரி இருக்கு. இதுல வந்து லீவு கொண்டாடறது சரியா?" என்றாள். என் மனைவி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சுவர் என்னடி பண்ணும்? இடிச்சா மட்டும் நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா? ஜனங்க இருக்கட்டும். ஆனா வாசல்லயே இது என்னன்னு எழுதி வெக்கணும். உன் பிள்ளை அதைப் படிக்கணும்." பேரன் அம்பர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே மூன்று சாதாரணக் கல்.

நான் என் மனைவி கட்சி. கட்டடத்தை நிற்க விடலாம். கதையை மட்டும் பூசி மறைக்கக் கூடாது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. தொழிலாளிக்கு லீவு வேண்டும் என்பது நாஜிகள் கண்டுபிடித்ததா? இல்லவே இல்லை. அதே 1936ஐப் பாருங்கள். மே மாதம் ப்ரோராவில் அடிக்கல். ஜூன் மாதம் பிரான்சில் லட்சக்கணக்கான தொழிலாளிகள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதமே இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையில் கடலை முதல்முதலாகப் பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளிகள் எத்தனையோ பேர். அதே ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, சம்பளத்தோடு கூடிய விடுமுறை பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஜெர்மனி அதற்கு முன்பே அந்த அமைப்பிலிருந்து வெளியேறியிருந்தது.

இரண்டு இடத்திலும் தொழிலாளிக்குக் கடற்கரை என்றுதான் பேச்சு. பிரான்சில் அவன் கையில் சட்டமும் லீவுச் சம்பளமும் இருந்தன. கடலுக்குப் போவதா, மாமனார் ஊருக்குப் போவதா என்பது அவன் விருப்பம். ப்ரோராவில் நாலரை கிலோமீட்டர் கட்டடம் இருந்தது. எங்கே, எப்போது, யாரோடு, எந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்று எல்லாம் மேலே முடிவாகிவிட்டது. 20,000 பேரும் ஒன்றாக உட்கார ஒரு மண்டபமும் பிளானில் உண்டு. எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தவனே திரும்ப எடுத்துக்கொண்டபோது, ஜெர்மன் தொழிலாளியால் எதுவும் கேட்க முடியவில்லை. பிரான்சிலும் போர் வந்தது, ஆட்சி விழுந்தது. ஆனால் சம்பள விடுமுறை என்ற உரிமை நிலைத்தது. இரண்டு வாரம் பின்னால் மூன்றாகி, நாலாகி, ஐந்தானது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுத்தம் செய்ய ஒரு அம்மா வாளியோடு வந்துவிட்டார். போலந்துக்காரர். என் மனைவி மீதியிருந்த முறுக்கைக் கொடுத்தாள். பேச்சுக் கொடுத்தோம். "எங்களுக்கு லீவு முடிஞ்சது, உங்களுக்கு எப்போ?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நவம்பர்ல. சீசன் முடிஞ்சதும் மூணு வாரம். அம்மாவைப் பார்க்கப் போறேன்" என்றார். ஜெர்மனியில் 1963ஆம் வருஷம் விடுமுறைச் சட்டம் வந்தது. வேலை பார்க்கும் எவருக்கும், அறை கூட்டுகிறவருக்கும், வருஷத்துக்குக் குறைந்தது நாலு வாரம் சம்பள லீவு உண்டு. அந்தப் பெண்மணி அதை யாருக்கும் நன்றி சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். ப்ரோராவில் நான் பார்த்த நல்ல விஷயம் எது என்று கேட்டால், அந்தக் குரலைத்தான் சொல்வேன்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள். மீதிப் பேர் நாளைக்கு வாங்கப் போகிறவர்கள். நம் நாட்டில் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள லீவு என்று எழுதியது. கட்டட சைட் அந்தச் சட்டப்படி தொழிற்சாலை ஆகவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க, சித்தாளுக்கு லீவு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்றுதான் அர்த்தம். பொங்கலுக்கு முதலாளி ஒரு வேட்டி, கொஞ்சம் பணம் கொடுப்பார். நல்ல மனுஷர் என்பார்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் அடுத்த வருஷம் கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. அது அவர் மனசு.

நான் பெரிய உபதேசம் செய்ய வரவில்லை. ஒரு சின்ன, டெக்னிக்கலான வேண்டுகோள். பார் சார்ட் போடும்போது கான்கிரீட்டின் க்யூரிங் நாட்களை எழுதுகிறோம். ஓனர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை. கொடுத்தால் கட்டடம் சொல்லிக் காட்டிவிடும் என்று இதே கல்லூரியில்தான் படித்தோம். அதே சார்ட்டில், ஆட்களின் சம்பள லீவையும் ஒரு வரியாக எழுதுங்கள். எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு ரேட் போடுங்கள். டெண்டரில் தெரியும்படி எழுதுங்கள். தயவு என்ற தலைப்பில் வேண்டாம், கணக்கு என்ற தலைப்பில் இருக்கட்டும். கணக்கில் ஏறியதை வெட்டுவது கொஞ்சம் கஷ்டம், அது நம் எல்லோருக்கும் தெரியும்.

மாணவர்களுக்கு ஒன்று. பெரிய கட்டடம், அழகான பிளான், பரிசு வாங்கிய மாடல் எதையாவது பார்த்தால் ரசியுங்கள், அளந்து பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, இதில் இருக்கப் போகிறவனை யாராவது கேட்டார்களா என்றும் விசாரியுங்கள். நம் சிலபஸில் இந்தக் கேள்வி இல்லை. ப்ரோராவில் இது பாடமாகவே இருக்கிறது, இலவசமாக, கடல் காற்றோடு. அக்டோபரில் போனால் கூட்டமும் இருக்காது. தகர டப்பா மட்டும் மறக்காதீர்கள்.

 சாப்பாடு தயார் என்று பின்வரிசையிலிருந்து கை காட்டுகிறார்கள்.